கன்னித்தீவு படக்கதையும் முத்துக்குளித்துறையும்: ஒரு மதிப்பீடு

கன்னித்தீவு, தினத்தந்தி நாளிதழில் 1960-ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் வெளிவரும் படக்கதைத் தொடர். தமிழில் மிக நீண்ட காலம் வெளிவந்த படக்கதை இதுவே. நாளுக்கு ஒரு பகுதி என்ற கணக்கில் 20,000 பகுதிகளைத் தாண்டிவிட்டது. முடிவில்லாமல் நீளும் எதையும் "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்லும் வழக்கும் இத்தொடரால் வந்ததுதான். தினத்தந்தியை 1942-இல் மதுரையில் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், திருச்செந்தூருக்கு அருகிலுள்ள காயாமொழியில் 1905-இல் பிறந்தவர். அவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

பெரியவர்கள் படக்கதை படிப்பது குறித்து இன்றும் ஒரு தயக்கம் நிலவுகிறது. கன்னித்தீவை முன்வைத்து அந்தத் தயக்கத்தையும், இத்தொடரின் பலத்தையும் குறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கதை

அழகிகளைக் கடத்தும் மந்திரவாதி மூசா, இளவரசி லைலாவையும் கடத்திச் செல்கிறான். அவளை மீட்கச் செல்பவன் சிந்துபாத். பெயரும் கடற்பயணமும் ஆயிரத்தொரு இரவுகள் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. மூசா தன் மந்திரத்தால் லைலாவைச் சிறு உருவமாக மாற்றிவிடுகிறான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வழிதேடி சிந்துபாத் கடல்கடந்து அலைகிறான். வழியில் ஒரு தீவு, ஓர் அரக்கன், ஒரு சிறை, ஒரு தப்பித்தல். பிறகு அடுத்த தீவு. தொடரின் அமைப்பு இவ்வளவுதான்.

பெரியவர்களின் படக்கதை

கன்னித்தீவின் வாசகர்கள் குழந்தைகள் மட்டும் அல்லர். தினத்தந்தி தேநீர்க்கடையிலும் முடிதிருத்தகத்திலும் பலர் கைமாறிப் படிக்கப்பட்ட நாளிதழ். துறைமுகத்தில் சுமை இறக்குபவர், உப்பளத் தொழிலாளி, பேருந்துக்குக் காத்திருப்பவர் எல்லாரும் கொலை, விபத்துச் செய்திகளோடு சிந்துபாத்தையும் படித்தார்கள். அதை யாரும் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்கவில்லை.

அதே மனிதர் முத்து காமிக்ஸ் இதழ் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் "இந்த வயதில் பொம்மைப் புத்தகமா?" என்ற கேள்வி வரும். இரண்டும் படக்கதைதான். ஒன்று நாளிதழுக்குள் இருக்கிறது, மற்றொன்று தனிப் புத்தகமாக இருக்கிறது. வேறுபாடு அச்சான இடத்தில் இருக்கிறதே தவிர, படிப்பவரின் வயதில் இல்லை. ஆகவே தமிழ்நாட்டில் பெரியவர்கள் படக்கதை படிப்பது புதிதாக வந்த பொழுதுபோக்கு என்று சொல்வது பிழை. எழுத்தறிவு பெருகிய காலம் முழுவதும் அது நம் கண்முன்னே நடந்துவந்திருக்கிறது.

தொடரின் பலம்

நாள்தோறும் கிடைப்பவை சில கட்டங்கள் மட்டுமே. அதற்குள் நேற்றைய கதையை நினைவூட்ட வேண்டும், இன்று ஓர் அடி முன்னே செல்ல வேண்டும், நாளைக்கு ஓர் எதிர்பார்ப்பை விட்டுவைக்க வேண்டும். இந்தச் சிக்கனம் எளிதன்று. வாக்கியங்கள் குறுகியவை, சொற்கள் பேச்சுக்கு நெருக்கமானவை. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குப் படம் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். மீதியை அவர் தாமே படித்துவிடலாம். முதியோர் கல்வி வகுப்புகள் செய்ய விரும்பிய வேலையில் ஒரு பங்கை இத்தொடர் ஓசையில்லாமல் செய்தது.

ஒரு வாரம் படிக்காமல் விட்டவரும் எட்டாம் நாள் தயங்காமல் உள்ளே நுழையலாம். அன்றாட உழைப்பாளிக்கு இது பெரிய வசதி.

தொடரின் குறை

அந்த வசதியே குறைக்கும் வாசலாகிறது. எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லாத கதையில், எது நடந்தாலும் அதனால் யாரும் மாறுவதில்லை. சிந்துபாத்துக்கு வயது ஏறுவதில்லை. ஒரு தீவில் பட்ட அடி அடுத்த தீவில் அவனுக்குப் பாடமாவதில்லை. லைலாவின் நிலை இன்னும் மோசம். யாருக்காக இந்தப் பயணமோ அவளே கதையின் பெரும்பகுதியில் தூக்கிச் செல்லப்படும் பொருளாக இருக்கிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்ற கேள்வி கதையை நகர்த்துவதே இல்லை.

நாளிதழ்த் தொடருக்கு இவ்வளவு எதிர்பார்ப்பு நியாயமா என்று கேட்கலாம். அமெரிக்க நாளிதழ்களில் 1918-இல் தொடங்கிய கேசலின் ஆலி என்ற படக்கதை இதற்கு விடை தருகிறது. 1921-இல் அக்கதையில் ஒரு வீட்டு வாசலில் குழந்தை ஒன்று விடப்படுகிறது. அக்குழந்தை வாசகர்களோடு சேர்ந்து நாள்தோறும் வளர்ந்தது, பள்ளிக்குப் போனது, போருக்குப் போனது, முதுமையும் அடைந்தது. நாளுக்குச் சில கட்டங்கள் என்ற அளவுக்குள்ளேயே ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று. கன்னித்தீவின் வாசகர்கள் வளர்ந்தார்கள். சிந்துபாத் வளரவில்லை.

சிவகாசியிலிருந்து ஒரு மாற்று

தூத்துக்குடிக்கு வடக்கே சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வெளிவந்தது. இரும்புக்கை மாயாவி அதன் முதல் நாயகன். 1984-இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்து 2005 வரை நீடித்தது. அந்நாளில் இவற்றைக் கடையில் வாங்கிய சிறுவர்கள் இன்று நடுவயதைக் கடந்தவர்கள். 2012-க்குப் பிறகு லயன், முத்து இதழ்கள் நல்ல தாளில், வண்ணத்தில் வந்து சந்தா முறையில் விற்பதற்கு அவர்களே பெருங்காரணம்.

அவர்கள் விரும்பும் தொடர்களில் ஒன்று இரத்தப் படலம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்தது. கடற்கரையில் காயத்தோடு ஒதுங்கிய ஒருவனுக்குத் தன் பெயர்கூட நினைவில்லை. தான் யார் என்று தேடிச் செல்கிறான். இதுவும் கன்னித்தீவைப் போல ஒரு நீண்ட தேடல்தான். ஆனால் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு உண்மையும் அவனை மாற்றுகிறது. 1984-இல் தொடங்கிய முதல் சுற்று 2007-இல் முடிவுக்கும் வந்தது. அதன் 18 பாகங்களும் 2010-இல் தமிழில் ஒரே தொகுப்பாக வந்தன. பெரியவர்களுக்கான படக்கதையைத் தமிழ் வாசகர் காசு கொடுத்து வாங்குவார் என்பது இதனால் உறுதியாகிறது.

ஆனால் இங்கும் ஒரு குறை உண்டு. இவ்விதழ்களில் வருபவை பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்புகள். அமெரிக்கப் பாலைவனத்தில் குதிரை ஓட்டும் டெக்ஸ் வில்லரை நன்கு அறிந்த வாசகருக்கு, தம் ஊர்க் கடலைக் காட்டும் படக்கதை கிடைப்பதில்லை.

வரையப்படாத கடல்

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. கன்னித்தீவு தொடங்கி அப்போது அதிக நாள் ஆகவில்லை. நாளிதழில் ஒரு கற்பனைக் கடல் விரிந்துகொண்டிருந்த அதே காலத்தில், உண்மையான ஒரு கடல்தொழில் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

அந்தத் தொழிலில் படக்கதைக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. குளியாளி கயிற்றில் கட்டிய கல்லோடு கடலடிக்கு இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒரு மூச்சுக்குள் சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு அவர் கயிற்றை அசைப்பார். தோணியிலிருப்பவர் உடனே இழுக்க வேண்டும். ஒருவர் உயிர் இன்னொருவர் கையில். கரையில் சிப்பிகள் திறக்கப்படாமலே ஏலம் போகும். உள்ளே முத்து இருக்குமா என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. மந்திரவாதியும் இருந்தார். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவருக்கும் சிப்பியில் பங்கு கொடுத்தார்கள். மூசாவைவிட இவர் சுவையான பாத்திரம். ஏனெனில் இவருடைய மந்திரத்துக்குக் கூலி உண்டு, குளியாளியின் அச்சத்தில் வேர் உண்டு.

கன்னித்தீவின் கடலில் இவை எதுவும் இல்லை. அங்கே வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் இல்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணிகளும் இல்லை. கடல் என்பது இரண்டு தீவுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமாக மட்டுமே வருகிறது.

கடல் சாகசத்தையும் உண்மையான இடத்தையும் காலத்தையும் ஒன்றாக வரைய முடியும். இத்தாலியின் ஹியூகோ பிராட் 1967-இல் தொடங்கிய கோர்ட்டோ மால்டீஸ் கதைகளில் நாயகன் ஒரு மாலுமி. முதல் உலகப்போர்க் காலத்துப் பசிபிக் தீவுகளில் முதல் கதை நடக்கிறது. சாகசம் குறையவில்லை, வரலாறும் விலகவில்லை. தமிழில் இந்த வேலையை நாவல் செய்திருக்கிறது. ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு, கொற்கை ஆகிய நாவல்கள் இக்கடற்கரை மக்களின் தொழிலையும் மொழியையும் பதிவுசெய்தன. கொற்கை 2013-இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. படக்கதைதான் இன்னும் அந்தக் கரையில் காலூன்றவில்லை.

மதிப்பீடு

கன்னித்தீவைக் குழந்தைக் கதை என்று ஒதுக்குவது அதன் வாசகர்களை அவமதிப்பதாகும். மூன்று தலைமுறைப் பெரியவர்கள் படத்தோடு கதை படிக்கும் பழக்கத்தை அது காத்துக் கொடுத்தது. அதேசமயம், அந்தப் பெரியவர்களின் வாழ்க்கைக்குள் அது ஒருமுறையும் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. பெரியவர்கள் படக்கதை படிக்கலாமா என்ற கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. அவர்கள் படிக்கத் தக்க தமிழ்ப் படக்கதைகள் எத்தனை என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

இதில் காலமும் குறைவு. 1961-இல் கடலில் இறங்கிய இளைஞர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். தூத்துக்குடிக்கு எதிரிலுள்ள தீவுகளில் விலாங்குச்சல்லி கடலுக்குள் மூழ்கிவிட்டது. வான் தீவு அரிப்பால் சுருங்கி, அதைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இடப்பட்டுள்ளன. சிந்துபாத்துக்கு நாளையும் ஒரு தீவு கிடைக்கும். உண்மைத் தீவுகளையும் அவற்றைச் சுற்றிக் குளித்தவர்களின் நினைவையும் வரைய நினைக்கும் ஓவியர், அவர்கள் இருக்கும்போதே தூத்துக்குடிக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.