எண்ணெய் வணிகமும் டாலரின் வலிமையும்

கச்சா எண்ணெயின் விலை உலகச் சந்தையில் டாலரில் சொல்லப்படுவதும், அதற்கான பணம் பெரும்பாலும் டாலரிலேயே செலுத்தப்படுவதும்தான் அமெரிக்க நாணயத்தைத் தாங்கி நிற்கின்றன என்ற கருத்து அரை நூற்றாண்டாக வழங்கி வருகிறது. எண்ணெய் வணிகம் வேறு நாணயத்துக்கு மாறினால் டாலர் சரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் அதிலிருந்தே பிறக்கிறது. இக்கருத்தில் ஓரளவு உண்மை இருந்தாலும், விலையை ஒரு நாணயத்தில் குறிப்பது, பணத்தை ஒரு நாணயத்தில் செலுத்துவது, விற்றவர் தம் வருவாயை ஒரு நாணயத்தில் சேமித்து வைப்பது ஆகிய மூன்று வெவ்வேறு செயல்கள் அதில் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. டாலரின் மதிப்பைப் பெரிதும் அசைப்பது இவற்றுள் மூன்றாவது மட்டுமே.

35 டாலருக்கு ஓர் அவுன்ஸ் தங்கம் தருவதாகப் பிற நாட்டு மைய வங்கிகளுக்கு அளித்திருந்த வாக்குறுதியை அமெரிக்க அதிபர் நிக்சன் 1971 ஆகஸ்ட் 15 அன்று நிறுத்தி வைத்தார். 1973 அக்டோபர்ப் போரை ஒட்டி அரபு நாடுகள் விதித்த ஏற்றுமதித் தடையால், பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டாலருக்கு விற்ற எண்ணெய் 1974 தொடக்கத்தில் 11.65 டாலரைத் தொட்டது. அரபு நாடுகளில் குவிந்த இந்தப் பெரும்பணம் எங்கே போய்ச் சேரும் என்பதே அன்று அமெரிக்காவின் கவலையாக இருந்தது. 1974 ஜூனில் அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் பொருளாதார ஒத்துழைப்புக்கான கூட்டு ஆணையம் ஒன்றை அமைத்தன. அதையடுத்துக் கருவூலச் செயலர் வில்லியம் சைமன் ஜெத்தா சென்று, சவூதியின் உபரிப் பணம் அமெரிக்க அரசின் கடன்பத்திரங்களில் முதலீடாவதற்கு வழி வகுத்தார். அந்தக் கையிருப்பின் அளவை அமெரிக்கக் கருவூலம் 2016 வரை தனியாக வெளியிடாமல், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டுக் கணக்குக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தது. எண்ணெயை டாலரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற விதி கூட்டு ஆணைய உடன்படிக்கையில் இல்லை. ஆகவே, 'ஐம்பதாண்டு பெட்ரோடாலர் ஒப்பந்தம் காலாவதியானது' என்று 2024 ஜூனில் உலகெங்கும் பரவிய செய்தி, இல்லாத ஒப்பந்தத்துக்கு எழுதப்பட்ட இரங்கற்பாவாகவே முடிந்தது.

எண்ணெய் வாங்குவதற்காகவே உலகம் டாலரைத் தேடுகிறது என்ற வாதம் எண்களின் முன் நிற்பதில்லை. உலகின் நாள் ஒன்றின் எண்ணெய்ப் பயன்பாடு ஏறத்தாழ 10 கோடி பீப்பாய். பீப்பாய் 80 டாலர் என்று கொண்டால், அத்தனையும் எல்லை கடந்து விற்கப்படுவதாகவே வைத்துக்கொண்டாலும், அதன் மதிப்பு 800 கோடி டாலர்தான். பன்னாட்டுத் தீர்வு வங்கியின் 2022 ஏப்ரல் கணக்கெடுப்பின்படி உலக அந்நியச் செலாவணிச் சந்தையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7.5 இலட்சம் கோடி டாலர் கைமாறியது. அதில் நூற்றுக்கு 88 பரிமாற்றங்களில் ஒரு பக்கம் டாலராக இருந்தது. எண்ணெயின் பங்கு இதில் ஆயிரத்தில் ஒன்றே. மேலும், வாங்குபவர் தம் நாணயத்தைக் கொடுத்து டாலர் பெறும்போது எழும் தேவை, விற்பவர் அதே டாலரை உடனே யூரோவாக மாற்றிக்கொண்டால் அடங்கிவிடும். அந்த டாலரை அவர் அமெரிக்கக் கடன்பத்திரமாக்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் மட்டுமே தேவை நிலைபெறுகிறது. நார்வேயும் தன் எண்ணெயை டாலர் விலையிலேயே விற்கிறது. ஆனால் அதன் ஓய்வூதிய நிதியம் அந்த வருவாயைப் பல நாடுகளின் பங்குகளிலும் பத்திரங்களிலும் பல நாணயங்களில் பரப்பி வைத்திருக்கிறது.

எண்ணெயை டாலரில் விலை பேசும் நடைமுறைக்கு மெய்யான வலிமைகளும் உண்டு. நைஜீரிய எண்ணெயையும் ஓமான் எண்ணெயையும் ஒரே அலகில் ஒப்பிட முடிவதாலும், பல மாதங்கள் கழித்து வரும் சரக்கின் விலையை இன்றே உறுதி செய்யும் முன்பேர ஒப்பந்தங்கள் டாலரில் தாராளமாகக் கிடைப்பதாலும் வணிகச் செலவு குறைகிறது. 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று தன் நாணயத்தைக் கட்டி வைத்திருக்கும் சவூதிக்கு, வருவாயும் டாலரில் வருவது வசதியே.

இந்த வசதிக்கான விலையை இறக்குமதி செய்யும் ஏழை நாடுகள் கொடுக்கின்றன. 2022இல் எண்ணெய் விலையும் டாலரின் மதிப்பும் சேர்ந்தே உயர்ந்ததால், தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியை நம்பியிருக்கும் இந்தியா, ஒரே பீப்பாய்க்கு இரு வழியிலும் கூடுதலாகச் செலவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்கு 74 அளவில் இருந்த ரூபாய் அக்டோபரில் 83ஐத் தாண்டியது. இலங்கையின் நிலை இன்னும் கொடியது. பெட்ரோல் ஏற்றிய கப்பல் ஒன்று 2022 மார்ச் 28 முதல் இலங்கைக் கடற்பரப்பில் நங்கூரமிட்டு நிற்க, அதற்குச் செலுத்த டாலர் இல்லை என்றும், அதே கப்பலின் முந்தைய சரக்குக்கான 5.3 கோடி டாலர் பாக்கியும் நிற்கிறது என்றும் மே மாதம் அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று. எரிபொருள் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தும், சொந்த நாணயம் அதை இறக்கப் பயன்படவில்லை.

டாலரில் செலுத்தப்படும் பணம் எந்த நாட்டு வணிகருடையதாயினும் பெரும்பாலும் அமெரிக்க வங்கிகளின் கணக்குகள் வழியாகவே தீர்க்கப்படுவதால், அமெரிக்கச் சட்டத்தின் கை அதுவரை நீள்கிறது. சூடான், ஈரான், கியூபா ஆகியவற்றுக்காக டாலர் பரிமாற்றம் செய்ததற்கு பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி 2014இல் 890 கோடி டாலர் அளவுக்குத் தண்டம் செலுத்த ஒப்புக்கொண்டது. வல்லமை என்ற அளவில் இது பெரிது. ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்த மாற்று வழிகளைத் தேடத் தூண்டும் வல்லமை இது.

அந்த மாற்று வழிகள் ஏன் தேங்கி நிற்கின்றன என்பதற்கு இந்தியாவின் பட்டறிவே போதிய சான்று. 2012இல் ஈரான் எண்ணெய்க்கான பணத்தில் 45 விழுக்காட்டை யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது, ஈரான் அதைக் கொண்டு பாஸ்மதி அரிசி முதலிய இந்தியப் பொருள்களை வாங்கிக்கொண்டது. வாங்கத் தக்க பொருள் இருந்தவரை ரூபாய்க்கு மதிப்பு இருந்தது. ரஷ்யாவோ, இந்திய வங்கிகளில் குவிந்த ரூபாயைச் செலவிட வழியில்லை என்று 2023 மே மாதம் கோவாவில் தன் வெளியுறவு அமைச்சர் வாயாலேயே சொல்ல நேர்ந்தது. ரூபாய்க்குப் பதிலாகப் பயன்பட்ட ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹாமும் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டதே. அதில் செலுத்துவது வழியை மாற்றுகிறதே ஒழிய அளவுகோலை மாற்றுவதில்லை. ஈரானிடம் பட்ட எண்ணெய்க் கடனைத் தேயிலையால் அடைக்க இலங்கை 2021 டிசம்பரில் செய்த உடன்பாட்டிலும், மாதந்தோறும் அனுப்ப வேண்டிய தேயிலை 50 இலட்சம் டாலர் மதிப்பு என்றே கணக்கிடப்பட்டது. ஷாங்காயில் 2018 மார்ச்சில் தொடங்கிய யுவான் எண்ணெய் முன்பேரச் சந்தைக்குத் தடை வேறு வகையானது: யுவானைத் தடையின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சீனா இசையாதவரை, அதில் பெருந்தொகையைச் சேமிக்க எந்த எண்ணெய் நாடும் தயங்கும்.

எனவே எண்ணெய்ச் சீட்டில் எந்த நாணயம் எழுதப்படுகிறது என்பதை டாலரின் நாடித்துடிப்பாகக் கொள்வது பிழை. பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் கணக்குப்படி, உலக மைய வங்கிகளின் கையிருப்பில் டாலரின் பங்கு 1999இல் ஏறத்தாழ 71 விழுக்காடாக இருந்து 2023இல் 58 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அந்த இருபத்து நான்கு ஆண்டுகளும் எண்ணெய் பெரும்பாலும் டாலரிலேயே விலை பேசப்பட்டது.