மேதக் பேராலயத்தின் மூன்று சாளரங்கள்

தெலங்கானாவிலுள்ள மேதக் பேராலயத்தைக் காணச் செல்வோர் கோபுரத்தின் உயரத்தை வியந்து திரும்புகின்றனர். இறையியல் மாணவர் நின்று நோக்கவேண்டியவை அதன் மூன்று வண்ணக் கண்ணாடிச் சாளரங்களே. பஞ்சத்தால் நலிந்தோருக்கு வேலையும் உணவும் அளிக்கும் பொருட்டு அருட்பணியாளர் சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் எழுப்பிய இவ்வாலயம், 1924-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

சாளரங்கள் ஒருங்கே அமைந்தவை அல்ல. பலிபீடத்தின் பின்னுள்ள பரமேறுதல் 1927-லும், பிறப்பு 1947-லும், சிலுவைப்பாடு 1958-லும் இடம்பெற்றன. நற்செய்தியின் முடிவில் நிற்பது இங்கு முதலில் வந்தது. இது திட்டமிட்ட வரிசை என்று கூறுவதற்கில்லை, எனினும் சிந்தனைக்குரியது. நாடு விடுதலை பெற்று, தென்னிந்தியத் திருச்சபையும் உருவான ஆண்டில் பெத்லகேம் பாலகன் வந்தார். சிலுவைக்கோ மேலும் 11 ஆண்டுகள் சென்றன. மகிமையை முந்திக் கொண்டாடி, சிலுவையைப் பிந்தி உணர்வது நம் சபைகள் பலவற்றின் வரலாறும் அன்றோ?

இவற்றை வரைந்தவர், உருவப்படக் கலையில் பேர்பெற்ற ஆங்கிலேயர் ஃபிராங்க் சாலிஸ்பரி. ஆகவே இது அந்நியக் கலை என்னும் குறை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் இப்படங்களுக்கு உயிரூட்டுவது மேதக்கின் கதிரவனே. இரவில் ஆலயத்தினுள் எத்தனை விளக்கேற்றினும் அவை இருண்டே நிற்கும். ஒளி வெளியினின்று வரவேண்டும். கிருபையைக் குறித்து இதனினும் தெளிவான பிரசங்கம் ஏது?

இத்தகைய சாளரங்களில் கண்ணாடித் துண்டுகளைப் பிணைப்பது ஈயப்பட்டி. காலப்போக்கில் அது தளரும்; சட்டம் வளையும்; கண்ணாடி விரிசலுறும். முகமும் கைகளும் பூச்சால் தீட்டிச் சூளையில் சுட்டவை. அமிலமிட்டுத் தேய்ப்பின் முகமே அழியக்கூடும். உடைந்ததை எறிந்து புதியதைப் பொருத்துவது எளிது. ஆனால் அது புதுப்பித்தலன்று, மறத்தலே. உடைந்த துண்டுகளையே சேர்த்து, இடையில் மெல்லிய ஈயக்கோடு இடுவது பழைய முறை. அக்கோடு கண்ணுக்குத் தெரியும், தெரிவதே நன்று. உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் காயங்கள் மறைக்கப்படவில்லையே!

ஆவடியிலோ அம்பத்தூரிலோ எளிய ஆலயமொன்றில் பணியேற்கும் ஆயருக்கு இதனால் பயன் என்ன எனலாம். அவர் கையிலும் உடைந்த துண்டுகளே ஒப்புவிக்கப்படுகின்றன. பிளவுபட்ட சபையில் பழையோரை விலக்கிப் புதியோரைச் சேர்ப்பது எளிது. விரிசலை மறைக்காது இணைப்பதே மேய்ப்பனின் பணி.