ஒரே குரல், இரண்டு உறைகள்

நாகூர் ஈ.எம். ஹனிபாவின் 'சிறந்த பாடல்கள்' என்று விற்ற தொகுப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று தர்கா வாசல் கடைகளில் கிடைக்கும். மற்றது கழகக் கூட்டத்துக்கு மைக் செட் கட்டுகிறவரிடம் இருக்கும். முதலாவதில் 'இறைவனிடம் கையேந்துங்கள்' கட்டாயம் உண்டு. இரண்டாவதில் 'ஓடி வருகிறான் உதயசூரியன்', 'கல்லக்குடி கொண்ட கருணாநிதி வாழ்கவே'. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த ஒரே மனிதரின் குரல்தான் இரண்டிலும். ஆனால் ஒன்றைக் கேட்டே வளர்ந்த வீட்டில் மற்றது ஒரு நாளும் ஒலித்திருக்காது.

மேற்கத்திய ராக் இசைக்குழுக்களின் தொகுப்புகளைப் பற்றி விமர்சகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: ஆல்பம் என்ற முழுப் படைப்பிலிருந்து பாட்டைப் பிய்த்தெடுத்துத் தனியே விற்கிறார்கள் என்பது. ஈகிள்ஸ் குழு 1976 பிப்ரவரியில் வெளியிட்ட தொகுப்பு அமெரிக்காவில் விற்பனைச் சாதனை படைத்தது. அவர்களுடைய ஆகப் பெரிய பாட்டான 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அதில் இல்லை. அந்த ஆல்பமே அவ்வாண்டு டிசம்பரில்தான் வந்தது. 'எல்லாவற்றிலும் சிறந்தவை' என்று போட்டு விற்பதில் இப்படியும் ஒரு வேடிக்கை.

ஆல்பத்திலிருந்து பாட்டைப் பிய்த்தெடுத்தார்கள் என்ற குறை ஹனிபாவுக்குப் பொருந்தாது. அவர் பாட வந்த காலத்தில் ஆல்பம் என்ற ஒன்றே இங்கே இல்லை. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்; அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். சுற்றி வளைக்காமல் பல்லவியிலேயே உச்சத்துக்குப் போய் ஆளை நிறுத்திவைக்கும் அவருடைய பாணி அந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தனித்தனித் தட்டுகளாகச் சிதறிக் கிடந்த பாட்டுகளை ஒரே இருப்பில் ஒரு மணி நேரம் கேட்க வைத்தது ஒலிநாடாத் தொகுப்புதான். கை தவறினால் உடைந்து போகும் அரக்குத் தட்டிலிருந்து அவை பிழைத்து வந்ததும் அதனால்தான். இந்த நன்றியைச் சொல்லாமல் குறை பேசுவது நியாயமில்லை.

ஆனால் தொகுப்பில் பறிபோனது கச்சேரி. கந்தூரி இரவிலும் கல்யாண வீட்டிலும் பாடிய அதே தொண்டைதான் மாநாட்டுப் பந்தலில் தலைவர்கள் பேசுவதற்கு முன் கூட்டத்தைக் கட்டிப்போட்டது. நபிகளைப் புகழும்போதும் அண்ணாவின் அழைப்பைப் பாடும்போதும் அவர் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் சொல்லாகப் போய்ச் சேர வேண்டும் என்ற அதே கறார். 'இசைமுரசு' என்ற பட்டம் சும்மா வந்ததில்லை. பக்திப் பாட்டில் இருக்கும் அந்த அறைகூவல் எங்கிருந்து வந்தது என்பது கட்சிப் பாட்டைக் கேட்டால்தான் புரியும். கட்சிப் பாட்டில் இருக்கும் உருக்கத்துக்கு விடை பக்திப் பாட்டில் இருக்கிறது. தொகுப்பாளர்கள் வெட்டியது இந்தப் பாலத்தை.

பாப் மார்லிக்கும் இதுவே நடந்தது. அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1984இல் வந்த 'லெஜண்ட்' தொகுப்பு உலகமெங்கும் விற்றது. அதில் அன்பும் ஆறுதலும் தூக்கலாகி, போராளி மார்லி பின்னுக்குப் போனார் என்ற விமர்சனம் இன்றும் ஓயவில்லை. அங்கே குறைந்தபட்சம் மூல ஆல்பங்கள் கடையில் இருந்தன. வேண்டியவர் தேடிப் போய்க் கேட்கலாம்.

நான் சொல்லும் இந்தக் குறைக்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. காலைத் தொழுகை முடித்து வந்தவர் கல்லக்குடிப் பாட்டைக் கேட்கவா நாடாவைப் போடுகிறார்? வேளைக்கேற்ற பாட்டு என்பது நம் வழக்கம்தானே! உண்மை. தேவாரம் முழுவதையும் தினமும் ஓத முடியாதவருக்காக இருபத்தைந்து பதிகங்களைப் பொறுக்கித் தந்ததுதான் அகத்தியர் தேவாரத் திரட்டு. அதைத் தேவாரத்தைச் சிதைத்த வேலை என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் பக்கத்திலேயே முழுத் திருமுறையும் இருக்கிறது. தருமபுரம் ஆதீனம் உரையோடு அச்சிட்டும் தந்திருக்கிறது. திரட்டு வாசற்படியாக நிற்கிறது, உள்ளே வீடு இருக்கிறது.

ஹனிபா விஷயத்தில் அந்த வீட்டைக் காணோம். ஆண்டு வரிசையில் அமைந்த முழுப் பதிப்பு எதையும் கடைகளில் நான் பார்த்ததில்லை. ஆகவே பத்துப் பன்னிரண்டு பாட்டுகளே அவர் என்றாகிவிட்டது. 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் டி.எம்.எஸ்ஸோடு அவர் பாடிய 'எல்லோரும் கொண்டாடுவோம்' சினிமாப் பாட்டு என்ற மூன்றாவது அலமாரிக்குப் போய்விட்டது. நாற்பதுகளின் இளங்குரலிலிருந்து முதுமைக் குரல் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் பாடிய ஒருவரிடம், எந்தப் பாட்டு எந்த வயதில் பாடியது என்பது முக்கியமில்லையா? நான் பார்த்த உறைகளில் ஆண்டு இல்லை. அதைவிட என்னை உறுத்துவது, எழுதியவர் பெயர் இல்லாதது. நாகூர் சலீம், புலவர் ஆபிதீன் போன்ற அவ்வூர்க் கவிஞர்கள் எழுதிக் கொடுத்த வரிகள் அவற்றில் பல. ஒரு சிறு கடற்கரை ஊர் தன் கவிஞர்களையும் பாடகரையும் சேர்த்தே வளர்த்த கதை, உயர்ந்த தொப்பியோடு ஒரே முகம் அச்சிட்ட உறைக்குப் பின்னால் மறைந்து போயிற்று.

இதில் வியாபாரிகளை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். கட்சிக்குத் தேர்தல் நேரத்தில் அவர் வேண்டியிருந்தது; பக்தர்களுக்குக் கந்தூரி நேரத்தில். முழு ஆள் வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. பழைய தட்டுகளின் உரிமை ஒரு பெரிய நிறுவனத்திடமும் பின்னாளைய நாடாக்களின் உரிமை பல சிறு நிறுவனங்களிடமும் இருக்கும்போது, இரண்டையும் ஒரே பெட்டியில் போட யாராவது மெனக்கெட வேண்டும். அவருடைய நூற்றாண்டு 2025இல் வந்து போயிற்று. மெனக்கெட அதைவிட நல்ல சாக்கு இனி எளிதில் வராது. ஆனாலும் செய்யலாம்: ஆண்டு வரிசை, எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர், அண்ணா பாட்டுக்கு அடுத்து நாகூர் ஆண்டவர் பாட்டே வந்தாலும் வரிசையை மாற்றாத துணிச்சல். சிலருக்கு அது சங்கடமாக இருக்கும். பாடியவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.