சுவரில் ஒட்டிய வாழைப்பழமும் அதை விற்ற கலைக்கூடமும்

இக்காலக் கலைப்படைப்பு ஒன்றைப் பற்றிக் கருத்துரைக்கச் சொன்னால், மாணவர் பலர் "இதெல்லாம் ஒரு கலையா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் திறனாய்வு அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு, 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி பீச் நகரில் நடந்த ஆர்ட் பாசல் கலைச்சந்தை.

கலைச்சந்தை என்றால் அருங்காட்சியகம்போல அமைதியாகப் பார்த்துவிட்டு வரும் இடமல்ல. கலைக்கூடங்கள் வாடகைக்கு இடம் எடுத்து, தங்கள் கலைஞர்களின் படைப்புகளைக் கொண்டுவந்து சில நாள்களில் விற்கப் பார்க்கும் இடம். பாரிஸைச் சேர்ந்த பெரோட்டின் கலைக்கூடம் அங்கே இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலானின் 'காமெடியன்' என்ற படைப்பை வைத்தது. ஒரு வாழைப்பழம், அதைச் சுவரோடு சேர்த்து ஒட்டிய சாம்பல் நிற டேப். அவ்வளவுதான். விற்பனைக்கு மூன்று படிகள். விலை 120,000 அமெரிக்க வெள்ளி.

"பழம் அழுகிப் போயிடுமே?" என்று மாணவர் கேட்பார்கள். அழுகத்தான் செய்யும். வாங்குபவர் கைக்கு வருவது ஒரு சான்றிதழும், பழத்தை எந்த உயரத்தில் எப்படி ஒட்டவேண்டும் என்ற குறிப்புகளும். பழத்தை அவரே கடையில் வாங்கி அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். ஆக, கலைக்கூடம் விற்றது ஒரு யோசனையையும் அதற்குரிய உரிமையையும்தான்.

டிசம்பர் 7ஆம் தேதி, நிகழ்த்துகலைஞர் ஒருவர் அந்தப் பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டார். கலைக்கூடம் வேறொரு பழத்தை ஒட்டியது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போகவே, சுற்றியிருந்த மற்றப் படைப்புகளுக்கு ஆபத்து என்று மறுநாள் 'காமெடியனை'யே எடுத்துவிட்டது. பிறகு அந்த வெறும் சுவரில் ஒருவர் உதட்டுச்சாயத்தால் ஏதோ எழுதினார். பழத்தைத் தின்றவர் கைதாகவில்லை. சுவரில் கிறுக்கியவர் கைதானார்! எது மாற்றக்கூடியது, எது உண்மையான சொத்து என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் பட்டென்று காட்டிவிடுகின்றன. யாரும் திட்டமிடாத இதுவே, என் பார்வையில், அந்தச் சுவர் சொன்ன மிகக் கூர்மையான செய்தி.

படைப்பின் பலம் அது இருந்த இடம். நம் வீட்டுச் சமையலறையில் அதே பழம் எதையும் சொல்லாது. எல்லாப் பொருளுக்கும் விலை பேசும் சந்தையில், "விலை எங்கிருந்து வருகிறது?" என்று அது கேட்கிறது. ஒரு சொல்லின் பொருளை வாக்கியம் தீர்மானிப்பதுபோல, இந்தப் பழத்தின் பொருளைச் சந்தை தீர்மானித்தது.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 1999இல் மிலான் நகரில் இதே கட்டெலான், தம் கலைக்கூட உரிமையாளரையே டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். அந்தக் கிண்டல் விற்பவரின் உடம்பிலேயே பட்டது. 2019இல் அப்படி யாருக்கும் வலிக்கவில்லை. இரண்டு படிகள் விற்றதும் மூன்றாவதன் விலை 150,000 வெள்ளியாக ஏறியது. கேலிக்கு ஆளானவர்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். கேலி விளம்பரமாகிவிட்டது. அதே கலைக்கூடம் கொண்டுவந்திருந்த மற்றக் கலைஞர்களைப் பற்றி யார் பேசினார்கள்? தன் கலைஞர்கள் அனைவரையும் அறிமுகப்படுத்த வந்த கலைக்கூடத்துக்கு அது வெற்றி என்று எப்படிச் சொல்வது?

2024 நவம்பரில் நியூயார்க்கின் சோத்பீஸ் ஏலத்தில் ஒரு படி, கட்டணங்களோடு சேர்த்து 6.2 மில்லியன் வெள்ளிக்குப் போனது. அன்று ஒட்டிய பழம் தெருவோரப் பழக்கடையில் 35 காசுக்கு வாங்கியது. கடையில் நின்று அதை விற்ற முதியவருக்கு அந்த மில்லியன்களில் ஒரு காசும் இல்லை. சந்தையைச் சிரிக்கவைத்த படைப்பு இது. சந்தையைச் சங்கடப்படுத்தும் துணிவு இதற்கு இல்லை என்பதே என் முடிவு.

மாணவர்கள் இதை மறுத்தும் எழுதலாம். ஆனால் "இதெல்லாம் கலையா?" என்பதற்கு அடுத்த வரியாக மூன்று கேள்விகளையாவது எழுதிப் பார்க்கட்டும்: எங்கே வைத்தார்கள்? யார் விற்றார்கள்? கேலி யார்மேல் விழுந்தது?