கடாரம் தேடுவார்: மின்னேடுகளும் ஆராய்ச்சி முறையும்

கடாரம் என்னும் பெயரைக் கேளாத தமிழாசிரியர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இரார். முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து சென்று வென்ற இடங்களுள் அதுவும் ஒன்று என்பதும், இன்றைய கெடாவே பழைய கடாரம் என அறிஞர் பலர் கொள்வர் என்பதும் மாணவரும் அறிந்த செய்திகள். இப்பெயர் தமிழ் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் எங்கெங்கே வருகிறது எனத் தொகுக்க முனைந்த ஓர் ஆய்வாளர், சென்ற தலைமுறையினராயின், நூலகம் நூலகமாக ஏறி இறங்கியிருப்பார். ஏடு ஏடாகப் புரட்டிக் குறிப்பெழுதியே மாதங்கள் பல கழிந்திருக்கும். இன்றைய ஆய்வாளர் கணினியின் முன் அமர்ந்து நான்கெழுத்தைத் தட்டுகிறார். கண் இமைக்குமுன் விடை வந்து நிற்கிறது. அவ்விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

மின்னேடுகளால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது தட்டச்சிட்ட நூல்களை உலகுக்கு வழங்கி வருகிறது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001-இலும், ஈழத்து நூல்களைத் தொகுக்கும் நூலகம் திட்டம் 2005-இலும் இப்பணியில் இறங்கின. சிங்கப்பூரில் விடுதலைக்குப் பிந்திய ஐம்பதாண்டு இலக்கிய நூல்கள் பல 2015-இல் மின்வடிவம் பெற்றன. சுங்கை பட்டாணியில் இருக்கும் ஓர் ஆசிரியர், சென்னைக்குப் போகாமலே சங்க நூல்களையும் திருமுறைகளையும் ஒரு காசும் செலவின்றிப் பெறுகிறார். இதனைச் சிறு நன்மை என்று சொல்லுதல் நன்றி மறத்தலாகும். குறை நூல்களில் இல்லை. அவற்றைத் தேடும் முறையிலும், தேடிக் கண்டதை எழுதும் முறையிலுமே உளது.

கலைத்துறை அறிஞர்கள் எத்தகைய சொற்களைக் கொண்டு தேடுகின்றனர் என்பதை அமெரிக்காவில் முறையாக ஆராய்ந்துள்ளனர். கெட்டி நிறுவனத்துக்கு வந்திருந்த அறிஞர்களுக்குக் கணினித் தேட்ட வசதியளித்து, அவர்கள் தேடிய சொற்களைப் பகுத்தாராய்ந்த மார்சியா பேட்ஸ் என்பாரும் உடனாய்ந்தோரும் 1993-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆட்பெயர், இடப்பெயர், நூற்பெயர், காலப்பெயர் ஆகியவையே அச்சொற்களுள் பெருமளவில் காணப்பட்டன. தமிழாய்வாளர்க்கும் இது பொருந்தும். அவர்கள் தேடுவனவும் பெரும்பாலும் பெயர்களே. ஆயின் தமிழில் பெயர் ஓருருவில் நில்லாது. வேற்றுமை ஏற்கும், சாரியை பெறும், புணர்ச்சியில் திரியும், ஏடெழுதுவோர் கைப்பட்டும் கல்வெட்டுவோர் உளிபட்டும் மாறும்.

கடாரம் என்று தட்டியவர்க்கு என்ன கிடைக்கும்? மகர மெய்யில் முடியும் அவ்வடிவம் மட்டுமே பெரும்பாலும் கிடைக்கும். அத்துச் சாரியை பெற்ற கடாரத்து என்பது கிடைக்காது. உம்மையேற்ற கடாரமும் என்பதுகூடக் கிடைக்காது. நம் காதுக்கு அது கடாரத்தோடு ஓர் உம் சேர்ந்தது. பொறிக்கோ ‘ம்’ வேறு, ‘மு’ வேறு. மகரம் இனமெல்லெழுத்தாகத் திரிந்த கடாரங்கொண்டான் என்னும் சிறப்புப் பெயரும் நழுவிவிடும். ஈற்றெழுத்தை விடுத்துக் ‘கடார’ என்று தட்டினால் இவையெல்லாம் வரும் என்பது உண்மை. உடன் கடாரங்காயும் வரும்! கொப்பரை என்னும் பொருளில் கடாரம் என்ற சொல் வழங்கிய இடங்களும் வரும். இவற்றைப் பிரித்தறிவது பொறியின் வேலையன்று.

இனி, லைடன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகளை நோக்குக. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஊர் அளித்த செய்தி அவற்றில் உள்ளது. அங்கே கிடாரம் என்ற வடிவமும் உண்டு; வடமொழிப் பகுதியில் கடாஹம் என்று வரும். முதலெழுத்தே மாறிய கிடாரத்தை எவ்வாறு ‘கடார’ எனத் தட்டிப் பிடிப்பது? கிடாரம் என்றே தேடினால், இராமநாதபுரம் மாவட்டத்தில் அப்பெயர் கொண்ட ஊர் குறுக்கே வந்து நிற்கும்.

இவற்றினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் வந்து குவிந்த பொருள்களைக் கூறுமிடத்தில், காழகம் என்னும் ஓரிடம் குறிக்கப்படுகிறது. நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று பொருள் கூறினார். அவ்வுரை சங்க காலத்துக்குப் பொருந்துமா என்பது தனியே ஆராய வேண்டியது. காழகம் என்னும் சொல்லுக்கு ஆடை என்ற பொருளும் உண்டு. அதனைப் பர்மாவாகக் கொண்டாரும் உளர். ஆயினும் கடாரம் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இவ்விடத்தைக் கடந்து செல்ல இயலாது. மூலம் மட்டும் உள்ள மின்பதிப்பில் கடாரம் எனத் தேடுபவர்க்கு இவ்விடம் ஒருநாளும் புலப்படாது. “சங்க நூல்களில் கடாரம் பற்றிய குறிப்பு இல்லை” என்று அவர் துணிந்து எழுதுவார். எழுதியவர் பொய் சொல்லவில்லை; பொறியும் பொய் சொல்லவில்லை. முடிவு மட்டும் பிழையாகிவிடுகிறது.

நாகப்பட்டினத்தைக் குறித்தமையால் மற்றொன்றும் கூறலாம். கடலும் நாகையும் புணர்ந்து கடனாகை என்று தேவாரத்தில் வருதலைத் தமிழாசிரியர் அறிவர்; நன்னூல் கற்ற மாணவனும் லகரம் நகரத்தோடு புணர்ந்து திரிவதைச் சொல்லிவிடுவான். கடல் வணிகத்தை ஆராய்பவர் கடல் என்று தேடினால் கடனாகை அகப்படாது. கடன்பட்டார் நிலையை ஆராய்பவர் ‘கடன’ என்று தேடுவாராயின், அழையா விருந்தாக அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கடலை என்று தட்டியவர்க்கு இரண்டாம் வேற்றுமையேற்ற கடலும் வரும். வறுத்துத் தின்னும் கடலையும் வரும்.

பழைய சொல்லடைவுகளை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் வெளிவந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் பழந்தமிழ் நூற்சொல்லடைவு 1967 முதல் வெளியாயிற்று. தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் இருவரும் தொகுத்த சங்க இலக்கியச் சொல்லடைவு 1990-களின் தொடக்கத்தில் வந்தது. இவற்றைத் தொகுத்தோர் ஒவ்வோர் அடியையும் படித்தனர், புணர்ச்சியைப் பிரித்தனர், ஐயம் வந்தவிடத்து நின்று எண்ணினர், பின்னரே சொல்லை உரிய தலைப்பில் சேர்த்தனர். கடலில், கடலை, கடற்கரை என எவ்வடிவில் வரினும் கடல் என்ற தலைச்சொல்லை நாடிச் சென்றவர் கண்டுகொள்ளலாம். சொல்லடைவு, படித்தவர் ஒருவர் படிக்கப்போகும் மற்றொருவர்க்குச் செய்துவைத்த தொண்டு. கணினித் தேட்டமோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் செயல். பின்னது வந்தபின் முன்னது வேண்டா என்று நூலகங்களில் சொல்லடைவுகளைப் பின்னறைக்கு அனுப்புவோர் இதனை எண்ணிப் பார்க்கவில்லை.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் அச்செயலும் எழுத்து சரியாக இருந்தால்தானே நடக்கும்? ஔவையார் பெயரில் ஔகாரத்தை இடுவதற்கு மாறாக, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ எனத் தட்டச்சிடும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, பொறிக்கு இருவர். ஒருவரைத் தேடினால் மற்றவர் வாரார். பக்கத்தைப் படமெடுத்து, படத்திலுள்ள எழுத்தைப் பொறியே படித்தறியும் முறையில் இத்தொல்லை இன்னும் மிகும். தமிழ்நாட்டரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிப்பதற்கு முன் அச்சான நூல்களில் றா, ணை, லை முதலியன பழைய வடிவில் நிற்றலால், புதிய அச்சைக் கண்டு பழகிய பொறி அங்கே இடறுகிறது. மங்கிய தாளும் ஒடிந்த அச்சும் சேர்ந்தால் சொல்லவே வேண்டா.

கிடைக்காதவை ஒருபுறம் இருக்க, எளிதில் கிடைப்பவையும் ஆராய்ச்சியைக் கோணச் செய்யும். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களே இணையத்தில் தடையின்றிக் கிடைப்பன. புதிய ஆய்வுகளில் பல விலைக்கதவின் பின்னே உள்ளன. ஸ்ரீவிசயம் என்பது சுமத்திராவில் பாலெம்பாங்கை நடுவாகக் கொண்ட பேரரசு என்பதை ஜார்ஜ் சேடே 1918-இல் நிறுவினார். அதற்கு முந்திய நூல்கள் இதனை அறியா. கடாரத்தைப் பர்மாவில் வைத்து எழுதியோரும் அக்காலத்தில் இருந்தனர். இணையத்தில் முதலில் கண்ணிற்படும் நூலே முடிந்த முடிபைச் சொல்லும் நூல் என்று கொள்ளும் மாணவர், நூறாண்டுகட்கு முன் கைவிடப்பட்ட கருத்தைப் புதுக்கருத்தாக எழுதிக்கொண்டு வருவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. நூலின் முகப்பிலுள்ள ஆண்டைப் பார்க்க அவர்க்கு யாரும் கற்பிக்கவில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய கேடன்று. கனடா நாட்டு வரலாற்று ஆய்வேடுகளை ஆராய்ந்து இயன் மில்லிகன் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டொரண்டோ ஸ்டார் என்னும் நாளிதழ் மின்வடிவில் தேடக் கிடைத்தபின், ஆய்வேடுகளில் அதன் மேற்கோள்கள் பத்து மடங்களவு பெருகின. மின்வடிவம் பெறாத இதழ்கட்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவ்விதழ் திடீரெனச் சிறந்துவிட்டதா? கைக்கு எட்டியது, அவ்வளவே. இங்கும் தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் காணலாம். அவற்றை மட்டும் புரட்டிவிட்டு, “மலாயாத் தமிழர் கருத்து இதுவே” என ஒருவர் எழுதுவாராயின், 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் அப்பொருள் பற்றி என்ன எழுதிற்று என்ற வினா விடையின்றி நிற்கும்.

இவையெல்லாம் அறியாமையால் வருவன, மன்னிக்கலாம். மன்னிக்கத் தகாதது ஒன்றுண்டு. மின்பதிப்பில் தேடி எடுத்த அடியை எழுதிவிட்டு, அடிக்குறிப்பில் உ. வே. சாமிநாதையரின் 1889-ஆம் ஆண்டுப் பத்துப்பாட்டுப் பதிப்பைக் காட்டும் வழக்கம் அது. அப்பதிப்பைத் தொட்டும் பாராதவர் அதனைக் காட்டுவது எதற்கு? குறிப்பு மதிப்பாகத் தோன்றும் என்பதற்கே. மின்பதிப்பு எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றியது, சந்தி பிரித்ததா, பாடவேறுபாடுகளை விட்டுவிட்டதா என்பவை படிப்பவர்க்குத் தெரியாமற் போகின்றன. மர்ரே எஸ். ராஜம் 1950-களில் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் எளிதிற் படிக்கும்பொருட்டுச் சந்தி பிரித்தவை. அவ்வாறு பிரித்த பதிப்பில் தேடுபவர் பதிப்பாசிரியரின் முடிவையே தேடுகிறார். பிரித்தது சரியா என்ற வினா எழவேண்டிய இடத்தில், அடிக்குறிப்பு அவ்வினாவையே மறைத்துவிடுகிறது. மின்பதிப்பைப் பயன்படுத்தினேன் என்று எழுதுவதில் இழுக்கு யாதும் இல்லை. எந்தப் பதிப்பில், எந்தச் சொல்லை, எவ்வெவ்வடிவில், எந்நாளில் தேடினார் என்று ஆய்வாளர் நான்கு வரி எழுதினால், பின்வருபவர் விடுபட்ட வடிவத்தைத் தேடி ஆராய்ச்சியை மேற்கொண்டு செல்ல இயலும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு பிரிவு மாணவர் மின்பதிப்பில் கடாரத்தைத் தேடட்டும்; மற்றொரு பிரிவினர் நச்சினார்க்கினியர் உரையோடு பட்டினப்பாலையை முதலிலிருந்து படிக்கட்டும். பாட்டு 301 அடிகளே உடையது. இரண்டு மாலைப் பொழுதுகளில் முடித்துவிடலாம். முதற்பிரிவினர் ஒரு நொடியில் வெறுங்கையோடு திரும்பியிருப்பர். இரண்டாம் பிரிவினர் காழகத்தில் வந்து நின்று, உரையாசிரியர் சொன்னதை ஏற்பதா வேண்டாவா என்று தமக்குள் வழக்கிட்டுக்கொண்டிருப்பர்.