மலைச்சரிவும் மரநடுகை விதியும்

மரம் ஒன்றை வெட்டுவோன் ஈடாக மரம் நடவேண்டும் என்னும் விதி கேட்டற்கினியது. நகரத்துச் சமதரைக்கு ஒருவாறு பொருந்துவதுமாம். பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகளில் எழும் புதிய குடியிருப்புகளுக்கு அதனை அவ்வாறே எடுத்தாளுதல் ஏற்புடைத்தன்று. எண்ணிக்கை நிறைந்தும் சரிவு காக்கப்படாதிருத்தல் கூடும்.

சட்டம் மரத்தை எக்கண்கொண்டு நோக்கிற்று என்பது முதற்கண் ஆராயத்தக்கது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியே பலாவும் ஈரப்பலாவும் பெண்பனையும் காவல் பெற்றன. உணவு தருவன என்னும் சிறப்பே அவற்றுக்கு அக்காவலை ஈட்டிற்று. (பெண்பனையைப் பதுளையில் தேடுவார் யார்?) அதே ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டமோ அரிக்கப்படும் நிலத்தைக் கருதிற்று. ஒன்று மரத்தின் பயனை மதித்தது. மற்றது மண்ணின் நிலையை நோக்கிற்று. இன்ன சரிவில் நின்ற இன்ன மரம் ஆங்கு என்ன பணி செய்தது என வினவும் விதியே மலைநாட்டுக்கு வேண்டுவது.

ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் இதற்குச் சான்றாவன. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றிற் பல பைனஸ் மரக்காடுகளாயின. மரக்கணக்கில் அது பெருவெற்றியே. ஆயின் அம்மரத்தடியில் பிற செடிகள் அரிதாகவே தழைக்கின்றன. உதிர்ந்த ஊசியிலைகள் வறண்ட மாதங்களில் எளிதிற் தீப்பற்றுகின்றன.

இனி, வேரின் ஆற்றலையும் மிகைபடக் கூறலாகாது. வேர் மேல்மண்ணைப் பிணைக்கும். ஆழத்தே நீரூறி நழுவும் மலையை எம்மரமும் தடுத்து நிறுத்தாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் லயன்களை மூடிய மண்சரிவு நினைக்கத்தக்கது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்த இடம் அது. ஆங்கு நேர்ந்த குறை மரக்குறையன்று. மக்கள் அகற்றப்படாத குறை. ஆதலின் விதிகளுள் முதலாவது கட்டத்தகாத இடத்திற் கட்டாமை; அடுத்தது நீர் வடியச் செய்தல்; நடுகை இவற்றின் பின்னதே. இம்முறை பிறழ்ந்த விதி அழகிய பூந்தோட்டத்தை நழுவும் நிலத்தில் அமைக்கும்.

தோட்டமக்கள் இவ்வடிகாலைக் 'கான்' என்பர். சங்கச் செய்யுளில் காட்டைக் குறிக்கும் சொல்லும் அதுவே. ஒலியொற்றுமை தற்செயலாகலாம், ஆயினும் காடு நின்று செய்த பணியிற் பாதியைத் தேயிலை மலையில் அக்கானே செய்துவருகின்றது. வீடமைப்பின்போது மண்ணால் தூர்க்கப்பட்ட கானை மீளத் திறவாமல் நாற்று நடுதல் வீண்செயலாம்.

பருவமும் விதியில் இடம்பெறல் வேண்டும். ஊவாவின் பெருமழை ஒக்டோபர் முதல் சனவரி வரையது. நடு ஆண்டு மாதங்கள் வறண்டவை. கட்டி முடித்த நாளிலிருந்து இத்தனை மாதத்துள் நடுக என்று கொழும்பில் எழுதும் விதி பதுளையில் ஆகஸ்டு மாதத்து நாற்றைக் கருகச் செய்யும்.

விதியை நடைமுறைப்படுத்துவார் யார்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தால் தோட்டப்புறம் சபைகளின் பணிக்குப் புறம்பாகவே இருந்தது; 2018ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வாயிலைத் திறந்தது. தோட்டக் குடும்பத்திற்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்பது அண்மைக்காலத் திட்டம். அந்நிலத்தில் வீடும் கானும் போக எஞ்சுவது சிறிது. ஆங்குப் பலா வளர்ந்தால் வேர் அயல்வீட்டுச் சுவரைத் தொடும். காணி உறுதி கைக்கு வாராதார் பலர். தமதல்லாத மண்ணில் மரம் வளர்க்குமாறு அவரைப் பணித்தல் முறையன்று. ஆகவே ஈட்டுமரங்களை வீட்டுமனைக்குள் எண்ணாது, வீட்டு வரிசைக்கு மேலுள்ள சரிவையே பொதுநிலமாக ஒதுக்கி, நாட்டு மரங்கள் பலவற்றை ஆங்குக் கலந்து நட்டு, வேரூன்றும் வரையிற் பேணும் செலவைக் கட்டுவோர் மீதும் நிலமுடைய தோட்டத்தின் மீதும் சுமத்துமாறு விதியின் வாசகம் அமைதல் வேண்டும்.