தப்புச் சத்தத்தைக் குறைப்பது யார்?

தொண்ணூறுகளில் தலித் கலை இரவு நடந்த இடங்களிலெல்லாம் ஒரு சண்டை இருந்தது. தப்பை விட்டுவிடுவதா, கையில் எடுப்பதா? சேலம், நாமக்கல் பக்கத்தில் இது வெறும் கருத்துச் சண்டை இல்லை. இங்கே தப்பு, தப்பட்டை என்றால் பெரும்பாலும் அருந்ததியர் வளவுதான். ஊரில் சாவு விழுந்தால் அடித்தே ஆகணும். கூலி பேச முடியாது, கொடுத்ததை வாங்கிக்கணும். அடிக்க மாட்டோம்னு சொன்னால் மறுநாள் காட்டுவேலை கிடையாது. அதனால் அதைத் தூக்கி எறிவதே விடுதலை என்று ஒரு பக்கம் சொன்னது. இழிவென்று ஒதுக்கியதையே ஆயுதமாக்கி மேடையேற்ற வேண்டும் என்று இன்னொரு பக்கம் சொன்னது. அந்தச் சண்டை இன்னும் தீர்ந்தபாடில்லை. தீராமலே இடம் மாறிவிட்டது. இப்போது அது கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

சேலத்துக்குச் சினிமாச் சத்தம் புதுசில்லை. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இங்கேதான் இருந்தது. ஏற்காடு ரோட்டில் அதன் வாசல் வளைவு மட்டும் மிச்சம் நிற்கிறது. அந்த மாதிரிக் கூடங்களில் எந்தச் சத்தம் பதிவாகும், எது வெளியே நிற்கும் என்பது முதல் போட்டவர் கையில் இருந்தது. பிறகு கேசட் வந்தது. இன்குலாப் எழுதியதை கே.ஏ. குணசேகரன் பாட, அது ஊர் ஊராகப் போனது. கேசட் காலத்தில் பாட்டை நாம் பெருக்கிக்கொள்ள முடிந்தது. பதிவு செய்வதற்கு மட்டும் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஒரு ஸ்டுடியோவுக்குள் போய் நிற்க வேண்டியிருந்தது. அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கைதான் பித்தானைத் திருப்பியது.

இன்றைக்கு அந்தக் கண்ணாடி இல்லை. 2000இல் வந்த ஆடாசிட்டி இலவசம். 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்று தொடங்கியதுதான் இன்றைய எஃப்எல் ஸ்டுடியோ. ரீப்பர் என்கிற மென்பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். பழைய மடிக்கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்போன், பகலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு அறை, அவ்வளவுதான். இந்தச் சமவெளியில் இப்படிப் பாட்டுப் போடும் பையன்கள், பிள்ளைகள் நிறைய. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு, மாரியம்மன் பண்டிகைக்கு ஒன்று, செத்துப்போன நண்பனுக்கு ஒன்று. இது பெரிய காரியம். ஆனால் நம் விமர்சகர்கள் இந்தப் பாட்டுகளின் வரிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறார்கள். பாட்டு என்பது வரி மட்டுமா? தப்பு எங்கே கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மிக்சிங் என்பது என்ன? ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனி ட்ராக்கில் வைத்துக்கொண்டு, எது முன்னால் நிற்கணும், எது பின்னால் போகணும், எது நடுவில், எது ஓரத்தில், எதன் அடிச்சத்தத்தை வெட்டணும் என்று முடிவு செய்வது. ஊரமைப்பு தெரிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நடுவில் குரல், பக்கத்தில் கீபோர்டு, கிட்டார். ஓரத்தில், தூரத்தில், எக்கோ போட்டு மங்க வைத்து, தப்பு. கேட்கிறவனுக்கு அது கிராமத்து வாசனை. வாசனையாக இருக்கும் வரைக்கும்தான் அதற்கு இடம்.

இந்த ஒதுக்கலில் பாதி மனசில் இருக்கிறது, மீதி கருவிக்குள்ளேயே இருக்கிறது. செல்போனில் பதிவு செய்து பாருங்கள். பெரும்பாலான போன்கள் மனிதப் பேச்சைத்தான் சத்தமென்று எடுத்துக்கொள்ளும், மற்றதை இரைச்சல் என்று தானாகவே அமுக்கும். தப்பு விழுந்ததும் மட்டத்தைக் கீழே தள்ளிவிடும். ஆடாசிட்டியில் இரைச்சல் நீக்கம் என்று ஒன்று உண்டு. நாம் தேர்ந்து காட்டும் துண்டை இரைச்சலின் மாதிரி என்று எடுத்துக்கொண்டு, அது போன்றதையெல்லாம் பாட்டு முழுக்கத் துடைத்துவிடும். எது இரைச்சல் என்று காட்டுகிறவன் யார் என்பதுதான் கேள்வி. சபாக் காதுக்கு நம் கொட்டு எப்போதும் இரைச்சல்தானே. இப்போது கல்யாண மண்டபங்களில் கேரளத்துச் செண்டை வைக்கிறார்கள். அது கலையாம், நம்மது சத்தமாம்.

தப்பின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரவளையத்தில் இறுகக் கட்டிய தோல். நெருப்பில் காட்டிச் சூடேற்றினால்தான் பேசும். ஆற ஆறச் சுதி இறங்கும். ஆகவே காலையில் எடுத்த அடியும் மதியம் எடுத்த அடியும் ஒட்டாது. ஸ்டுடியோக்காரர்கள் இதைக் குறை என்று சொல்வார்கள். அடிக்கிறவர் சூடு காட்டத் தீயும் நேரமும் கேட்டால் அவருக்கு எரிச்சல் வரும், கீபோர்டுக்காரர் சுதி சேர்க்க அரை மணி எடுத்தால் மட்டும் வராது. ஒல்லிக் குச்சியும் தடிக் குச்சியும் விழும் அந்த முதல் கணம் மிகக் கூர்மையானது. கம்ப்யூட்டருக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும், பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. இதற்குப் பயந்து கம்ப்ரசர் போட்டு அமுக்குவார்கள். அமுக்கினால் கூர்மை போய்விடும், தப்பு அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

ராசிபுரம் தாண்டி ஒரு வளவில் ஒரு பெரியவருக்கு அவர் அடித்ததையே ஹெட்போனில் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, இது எங்க கொட்டா? மழையில நனஞ்ச தோலாட்டம் கேக்குது" என்றார். "இல்லீங்க மாமா, மிக்சிங்ல கொஞ்சம் அமுக்கியிருக்குது" என்றான் பையன். "அமுக்குனது யாரு?" என்று கேட்டார் அவர். பையன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

அமுக்காமலும் செய்யலாம். மைக்கைத் தோலுக்குப் பக்கத்தில் வைக்காமல் ஐந்தாறு அடி தள்ளி, முடிந்தால் வெட்டவெளியில் வைக்கலாம். மேடைக் கச்சேரிக்காரரிடம் இருக்கும் சாதாரண டைனமிக் மைக்கே இந்தச் சத்தத்தைத் தாங்கும். 24 பிட்டில், உச்சி அடியே கழித்தல் 12 டெசிபலைத் தொடுகிற மாதிரி மட்டத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் தலை வெட்டுப்படாது. கம்ப்ரசர் போட்டே ஆகணும் என்றால் அதன் அட்டாக் நேரத்தை 20, 30 மில்லிசெகண்டுக்குத் தள்ளிவையுங்கள், குச்சி விழும் முதல் அடி தப்பித்து வந்துவிடும். போன் ஸ்பீக்கரில் அடிச்சத்தம் வரவே வராது, நம் சனங்க பெரும்பாலும் போனில்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் சாச்சுரேஷன் சேர்த்து அந்த அடிச்சத்தத்தின் மேல்ச்சுவடுகளை எழுப்ப வேண்டும். இதெல்லாம் தொழில் ரகசியம் கிடையாது. ஒரு வாரம் உட்கார்ந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

தாளக்கட்டம் இதைவிடப் பெரிய சிக்கல். மென்பொருளைத் திறந்ததும் திரையில் கோடுகள். நிமிடத்துக்கு இத்தனை அடி என்று முதலிலேயே எழுதிவிடச் சொல்லும். நம் ஆட்டத்தில் அடி மெதுவாகத் தொடங்கி, ஆடுகிறவர் காலைப் பார்த்து ஏறி, உச்சியில் போய் நிற்கும். அதைக் கோட்டில் இழுத்து ஒட்டினால் அது ஆட்டம் இல்லை, கவாத்து. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினக் கலைஞர் ஜே டில்லா, எம்பிசி என்கிற தாளப் பெட்டியில் அடியைக் கோட்டில் இறுக்கி ஒட்டாமல் தள்ளாட விட்டார். அந்தத் தள்ளாட்டம் உலகத்து மேளக்காரர்களின் கையையே மாற்றிவிட்டது. அவர் பயன்படுத்திய பெட்டி இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குரலுக்கும் இதே கதைதான். 1997இல் வந்த ஆட்டோட்யூன் குரலைப் பன்னிரண்டு சுதிக்குள் பிடித்துத் தள்ளும். ஒப்பாரியில் குரல் ஒரு சுதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி இறங்கும் இடத்தில்தானே துக்கம் இருக்கிறது? அங்கேதான் அது படிக்கட்டு போட்டுவிடுகிறது. ஒப்பாரி என்றதும் இன்னொன்று. எங்க பக்கத்து அருந்ததியர் வீடுகள் பலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். கிழவிகள் அழுவது அந்த மொழியில். மைக் வைத்ததும் தமிழுக்கு மாற்றச் சொல்கிறார்கள், நம் ஆட்களேதான் சொல்கிறார்கள்.

மிக்சிங்கைக் கலகமாக்கியவர்கள் இருக்கிறார்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டபி என்று ஒருவர். சொந்தத் தொழில் ரேடியோ ரிப்பேர், ஆம்ப்ளிஃபயர் கட்டுவது, சவுண்ட் சர்வீஸ். நம் ஊரில் பண்டிகைக்குக் குழாய் கட்டுகிறவர் மாதிரி. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஏற்கனவே பதிவான பாட்டுகளை எடுத்து, பாடகர் குரலை அறுத்துப் போட்டுவிட்டு, பின்னால் கிடந்த டிரம்ஸையும் பேஸையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். டப் என்கிற இசையே அப்படித்தான் பிறந்தது. ஒரு புது வரி எழுதவில்லை அவர். யார் நடுவில் நிற்பது என்பதை மட்டும் மாற்றினார். நம்மில் வரி எழுதுகிறவர்கள் ஏராளம், டபி மாதிரி ஒருவர் இன்னும் வரவில்லை.

நம்மிடம் நடந்ததையும் பார்ப்போம். 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் டென்மாவும் சேர்ந்து காஸ்ட்லெஸ் கலெக்டிவை மேடையேற்றினார்கள். பறையும் சட்டியும் கானாவும் கிட்டாரோடு ஒரே வரிசையில் நின்றன. அந்த நின்ற இடம்தான் என் வரைக்கும் அதன் சாதனை, வரிகள் அடுத்ததுதான். 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் செய்த தெருக்குரல் வேறு வழி. அங்கே சொல்லே தாளக்கருவி. வாய் முன்னால் நிற்க, மெஷின் அதற்கு வழிவிடுகிறது.

2021 மார்ச்சில் என்ஜாய் எஞ்சாமி வந்தது. பாடியவர்கள் தீ, அறிவு. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியீடு மாஜா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதில் இருக்கிறது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் பாட்டு ஒலித்தபோதும் அவர் இல்லை. இசையும் எழுத்தும் குரலும் தன்னுடையவை என்று அறிவு எழுதினார். மெட்டு மூவர் சேர்ந்து செய்தது என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். 2024 மார்ச்சில், பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்றும் அவரே சொன்னார். யார் சொல்வது சரி என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. ஒரே அறையில், ஒரே கம்ப்யூட்டரில் மெட்டும் வரியும் மிக்சிங்கும் ஒன்றாகப் பிசைந்து வரும்போது, இது உன்னது இது என்னது என்ற கோடு அழிந்துபோகிறது. அழிந்த இடத்தில் யாருக்கு ஏற்கனவே பெயர் இருக்கிறதோ அவர் பெயர் நிற்கும். சந்தையின் வழக்கம் அது.

சட்டம் கொஞ்சம் நம் பக்கம் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை விரிவாக எழுதியது. பாடகர், இசைக்கலைஞரோடு கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். 2012 திருத்தம், நிகழ்த்தியது வணிகத்துக்குப் பயன்பட்டால் ராயல்டி உண்டு என்கிறது. ஆனால் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்றால் முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர் என்றே சட்டம் சொல்கிறது. ஒரு சாயங்காலம் வந்து அடித்துக் கொடுத்துவிட்டு முந்நூறோ ஐந்நூறோ வாங்கிப்போன தப்புக்காரர், தான் சட்டப்படி நிகழ்த்துநர் என்று யாரிடம் போய்ச் சொல்வார்? அவர் அடியை நாலு நாலு மாத்திரையாக வெட்டி லூப் ஆக்கிவிட்டால் அதற்குமேல் அது அவர் கை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அந்த லூப் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். யூடியூபில் ஆதிக்கச் சாதிப் பெருமைப் பாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. அவையும் இதே மாதிரி வீட்டு அறைகளில், இதே மென்பொருளில் செய்தவை. கேட்டுப் பாருங்கள், பின்னால் உருமியும் தப்பும் அதிரும். ஆண்ட பரம்பரை என்று மார் தட்டுவதற்கும் தாளம் நம் வளவிலிருந்துதான் போக வேண்டியிருக்கிறது. அடித்தவன் உள்ளே வரக்கூடாது, அடி மட்டும் வரலாம். வீட்டில் பதிவான குரல் என்றாலே எளியவர் குரல் என்று மயங்குகிறவர்களுக்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2015 ஜூனில் ஓமலூர் கோகுல்ராஜ் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தலைமறைவாக இருந்த யுவராஜ் வாட்ஸப்பில் தன் குரலைப் பதிந்து பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தார், அது ஊர் ஊராகப் பரவியது. 2022 மார்ச்சில்தான் மதுரை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மைக்குக்குச் சாதி கிடையாது என்பதெல்லாம் பேச்சுக்கு நல்லாயிருக்கும்.

நம் பையன்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். பாட்டை வெளியிடும்போது தப்பு அடித்தவர் பெயரைக் குழுவினர் என்று மூடாமல் ஆள் பெயராகப் போடுங்கள். எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அவருக்கும் ஒரு படி கொடுங்கள். மிக்சிங் முடிக்கும் முன் ஒரு தடவை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க விடுங்கள். வெட்டாத, அமுக்காத மூலப்பதிவை அழிக்காதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு ட்ராக் ஒரு மணி நேரம் பதிந்தாலும் சுமார் 4 ஜிபிதான் வரும். ஒரு பென்டிரைவ் தாங்கும். அந்தப் பென்டிரைவ் அடித்தவர் வீட்டில் இருக்கட்டும்.